ஆறு கால் நண்டும் ஒரு விளக்கக் கடிதமும்

நான் எழுதியவற்றில் என் பெயரோடு கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அரைப் பக்கம் வரும். அலுவலக மெமோ ஒன்றுக்கு இளம் வயதில் நான் கொடுத்த விளக்கம் அது. அதில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. உண்மையும் கிடையாது.

புதுச்சேரியில் சிறு பிள்ளைகளுக்கென்று ஒரு வாரப் படக்கதைப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது என்பது இன்று பலருக்குத் தெரிய நியாயமில்லை. தெருவுக்கு ஒரு டி.வி. இருந்த காலம். எட்டுப் பக்கம். கறுப்பும் ஆரஞ்சும்தான் வண்ணம். சனிக்கிழமைதோறும் பெட்டிக்கடைகளில் கயிற்றில் தொங்கும். பத்திரிகைக்கு முறையாகப் பதிவு செய்த நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று இருந்தது. அதை எந்தப் பிள்ளையும் வாயால் சொன்னதில்லை. ‘நண்டு புக்கு’ என்று கேட்டுத்தான் வாங்கினார்கள்.

நான் அதற்குள் போனது என் தங்கையின் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கப் போன இடத்தில். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்சக உரிமையாளர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். வேலையாட்கள் அவரை முகத்துக்கு நேரே முதலாளி என்றும், நகர்ந்ததும், பிரெஞ்சில் ஐயா என்று பொருள்படும் ‘முசே’ என்றும் சொல்வார்கள். நான் புரூஃப் திருத்திய அழகைப் பார்த்துவிட்டு அவர் ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார். பத்திரிகை தொடங்க மாஜிஸ்திரேட் முன் கொடுக்க வேண்டிய உறுதிமொழிப் படிவம். மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அன்றே நிரப்பிக் கொடுத்தேன். நான்காவது முறை ஏற்றுக்கொண்டார்கள். உரிமையாளர், வெளியிடுபவர், அச்சடிப்பவர், ஆசிரியர் என்று நான்கு கட்டங்கள். நான்கிலும் அவர் பெயரையே எழுதினேன். கதை எழுதுபவர், படம் வரைபவர் என்று அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. அப்போது அது எனக்குக் குறையாகப் படவில்லை.

“ஃபாரம் இவ்ளோ நல்லா எழுதுறீங்களே, கதையும் எழுதுங்களேன்” என்றார் முசே. இப்படித்தான் நான் குழந்தை எழுத்தாளன் ஆனேன்.

படம் வரைந்தவள் முதலியார்பேட்டையில் ஒரு மில் தொழிலாளியின் மகள். இருபது வயதிருக்கும். கல்யாணப் பத்திரிகைகளுக்குக் குத்துவிளக்கும் பூர்ணகும்பமும் வரைய முசே வைத்திருந்த பெண். ஒருநாள் கும்பத்துக்குப் பக்கத்தில், கை போன போக்கில், ஒரு நண்டைப் போட்டு வைத்திருந்தாள். ஒரு கொடுக்கு பெரிது, ஒன்று சிறிது, முழித்த கண். அதைப் பார்த்ததும் முதல் கதை எனக்கு வந்துவிட்டது. பக்கவாட்டில் நடக்கும் நண்டு போக வேண்டிய இடத்துக்கு எப்படிப் போகும்? பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் மீன் அங்காடிக்குப் போய்ச் சேரும். தபாலாபீஸுக்குக் கிளம்பினால் சலூனுக்குள் நுழையும். போன இடத்தில் எல்லாம் ஏதாவது ஒரு வேலையைக் கெடுத்து இன்னொரு வேலையை முடித்து வைக்கும். அந்த நடை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் அலுவலகத்தில் கோப்புகள் நகர்வதை தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் என்பதால் ஒரு கட்டத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் கூடாது என்று அவள்தான் விதி போட்டாள். “சார், நீங்க எழுதிக்கினே போறீங்க. நண்டு எங்க நிக்கும்?” என்பாள். என் வாழ்க்கையில் நான் மனதார ஏற்றுக்கொண்ட ஒரே விதி அது. புதன்கிழமை சாயங்காலம் அலுவலகம் விட்டதும் சைக்கிளில் போய்க் கதைச் சீட்டைக் கொடுப்பேன். அவள் கறுப்புக் கோட்டை ஒரு தாளிலும், ஆரஞ்சு நிறத்துக்கான இடங்களை அதன்மேல் வைத்த டிரேசிங் தாளிலும் போடுவாள். இரண்டும் பஸ்ஸில் சென்னை போய், துத்தநாக அச்சு பிளாக்குகளாகத் திரும்பி வரும். மிஷினில் இரண்டு பிளாக்கும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராது. ஆரஞ்சு கோட்டை விட்டு நகர்ந்துவிடும். நண்டு தன் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதுபோல் இருக்கும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது.

இன்னொன்று. அவள் நண்டுக்கு ஆறு கால்தான் போடுவாள். கொடுக்கு நீங்கலாக எட்டு இருக்க வேண்டும். பிள்ளைகள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். “கட்டத்துக்குள்ள ஆறுதான் சார் அடங்குது” என்றாள் அவள். பிள்ளைகளுக்கு நண்டே அஞ்சலட்டையில் பதில் எழுதுவது எங்கள் வழக்கம். வாசகம் என்னுடையது, மூலையில் ஒரு சின்ன நண்டு அவளுடையது. ‘மற்ற இரண்டு காலும் பென்சில் பிடித்திருக்கின்றன’ என்று எழுதினேன். அந்த வாரம் அவள் சிரித்ததை முசே உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பத்திரிகையில் எங்கள் பெயர் கிடையாது. “பேரு எதுக்கு? நண்டே வரைஞ்சி நண்டே எழுதுதுன்னு பசங்க நம்புதுங்க. அதைக் கெடுக்கலாமா?” என்பார் முசே. எனக்கு அது வசதியாக இருந்தது. அரசு ஊழியன் வெளியே எழுதுவதற்கு அனுமதி வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கேட்டால் கோப்பு எப்படி நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது. ஆகவே கேட்கவில்லை. அவளுக்கு வசதியாக இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை.

மூன்றாவது ஆண்டில் மொட்டைக் கடுதாசி ஒன்று போயிற்று. இன்ன பிரிவில் உள்ள இன்ன எழுத்தர் ஒரு பத்திரிகையில் வேலை செய்கிறார் என்று. ஏழு நாட்களுக்குள் விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. மெமோவில் இருந்த கேள்வி ஒன்றுதான்: மேற்படி வார இதழில் தாங்கள் எழுதுகிறீர்களா?

‘இல்லை’ என்று எழுதியிருக்கலாம். அது ஒரு சொல் பொய். கேட்காததற்குப் பதில் எழுதாதே என்று பிற்காலத்தில் எனக்குக் கீழே வந்த ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பயந்தவனுக்குச் சுருக்கமாக எழுத வராது. எனக்கும் மேற்படி இதழுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று எழுதினேன். அது வெறும் மறுப்பாக நின்றது; நம்பும்படி இல்லை. அதனால் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: ‘நான் விசாரித்தறிந்த அளவில், மேற்படி இதழின் கதைகள் மற்றும் படங்கள் யாவும் அதன் உரிமையாளர் ஒருவராலேயே ஆக்கப்படுகின்றன என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

படங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வாக்கியம் நிறைவாக வரவேண்டும் என்பதற்காக ‘மற்றும் படங்கள்’ என்று போட்டேன்.

நான் கைப்பட எழுதிக் கொடுத்த இரண்டு பிரதிகளில் ஒன்றை அலுவலகம் சீல் போட்டு முசேவுக்கு அனுப்பி, இது சரியா என்று கேட்டது. தான் எழுதாத கதையையும் வரையாத படத்தையும் அரசாங்கமே தன் பேரில் எழுதிக் கொடுத்தால் எந்த மனிதன் மறுப்பான்? சரியே என்று கையெழுத்துப் போட்டு, அந்தப் பிரதியைத் தன் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டார். கோப்பு முடிக்கப்பட்டது.

அடுத்த சில மாதங்களில் வேறொரு கோப்பு என் மேசைக்கு வந்தது. கவிதைத் தொகுப்பு வெளியிட அனுமதி கேட்டு ஓர் ஊழியர் விண்ணப்பித்திருந்தார். குறிப்பு எழுதுவதற்காக நடத்தை விதிகளை முதல்முறையாக முழுவதும் படித்தேன். முற்றிலும் இலக்கியம், கலை சார்ந்த எழுத்துக்கு முன் அனுமதியே தேவையில்லை. விதியின் கடைசியில், விலக்கு என்ற தலைப்பின் கீழ், தெளிவாக இருந்தது. ‘அனுமதி தேவையில்லை; விண்ணப்பம் முடித்து வைக்கப்படலாம்’ என்று அந்தக் கவிஞருக்கு நானே குறிப்பு எழுதினேன். நண்டுக் கதை எழுதியது குற்றமில்லை. எழுதவில்லை என்று எழுதியதுதான் குற்றம். ஒன்றைத் திருத்தினால் மற்றது வெளியே வரும். நான் விதிப் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். அன்றுமுதல் எந்த விதியையும் கடைசி வரி வரை படிக்காமல் விட்டதில்லை. அப்படித்தான் விதி தெரிந்தவன் என்று பெயர் வாங்கினேன்.

மெமோ வந்த வாரத்தோடு கதைச் சீட்டை நிறுத்திவிட்டேன். அவளிடம், ஆபீஸில் வேலை அதிகம் என்றேன். முசே தானே எழுதத் தொடங்கினார். அவர் நண்டு நேராக நடந்தது. அதிகாலையில் எழுந்தது, பல் துலக்கியது, பெரியோரை வணங்கியது. ஒரு வாரம் முழுக்க எட்டுப் பக்கமும் பொய் சொல்லக்கூடாது என்று உபதேசித்தது. நான் கடையில் நின்று அதைப் படித்தேன். ஓர் ஆண்டுக்குள் பத்திரிகை நின்றது. அவள் சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் பதவி உயர்வுகளைப் பெற்று, கண்காணிப்பாளராக ஓய்வடைந்து, மூலக்குளத்தில் வீடு கட்டிக்கொண்டேன்.

இது நடந்து முடிந்த கதை என்று இருந்தேன். சென்ற ஆண்டு ஃபோன் வந்தது.

“சார், நண்டு வரைஞ்சவ பேசறேன். உங்க நம்பரு பென்ஷன்காரங்க சங்கத்துல வாங்கினேன். ஒருநாள் வீட்டாண்ட வர்றீங்களா?”

முசேவின் மகன் பாரிஸிலிருந்து திரும்பி வந்து, அப்பாவின் பழைய அச்சகத்தைக் காப்பிக் கடையாக்கியிருந்தான். சுவரெல்லாம் நண்டு. கூடவே ‘ஒரு குழந்தைகள் வார இதழின் வரலாறு’ என்று ஒரு கண்காட்சி. செய்தித்தாளில் நான் அதைப் பார்த்திருந்தேன். போகவில்லை.

முதலியார்பேட்டையில் அதே வீடு. மாடி மட்டும் புதிது. அவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இனி மரியாதையாக எழுதுகிறேன்: உட்கார்ந்தார்.

“கம்பெனி பஸ்ஸுல எனக்கு என்னா பேரு தெரியுமா சார்? நண்டு. ‘நண்டு ஏறிட்டாளா, வண்டிய எடு’ம்பாங்க. இருபத்தாறு வருஷம். அந்த நண்டு புக்கு நான்தான் வரைஞ்சேன்னு மொத நாளே சொல்லிட்டேன், அதனால வந்த பேரு. ரிட்டயர் ஆயும் மாசத்துக்கு ஒருக்கா பீச்சுல ஒக்காருவோம். இந்தக் கண்காட்சி பேப்பர்ல வந்துச்சா, நானே எல்லாரையும் இட்டுக்கினு போனேன். பதினோரு பேரு. சுவத்துல என் பேரு இருக்காதுன்னு தெரியும். படம் இருக்குமில்ல, காட்டலாம்னு.”

“உங்க பேரு இல்லையா?” என்றேன், தெரிந்துகொண்டே.

“பேரு இல்லைன்னா பரவால்ல. நீங்க எழுதின லெட்டரு இருக்குது. கவர்மெண்டு சீலோட. எல்லாப் படமும் முதலாளியே போட்டாருன்னு. ஒருத்தி சத்தமா படிச்சா. யாரும் ஒண்ணும் சொல்லல சார். கேலி பண்ணியிருந்தாக்கூடத் தேவலை. அன்னியிலேர்ந்து என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடறாங்க. மரியாதையா. ‘வாங்க, போங்க’ன்றாங்க. இருபத்தாறு வருஷமா பஸ்ஸுல புளுகிக்கினு வந்தவள்னு ஆயிடுச்சி.”

நான் மொட்டைக் கடுதாசி, மெமோ, ஏழு நாள் என்று தொடங்கினேன். விலக்கு விதி வரை வந்தேன். அவர் கை தூக்கி நிறுத்தினார்.

“உங்களைக் கேட்டாங்க, நீங்க இல்லைன்னீங்க. அது உங்க பயம். என்னைப் பத்தி யாரு கேட்டாங்க?”

காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்தேன். முன்னர் கொடுத்த விளக்கம் உண்மைக்குப் புறம்பானது, படங்கள் யாவும் மேற்படி அம்மையாரால் வரையப்பட்டவை, எழுதியவன் நான். நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினேன். இதனால் எனக்கு ஆபத்து எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்றவன் மீது நான்கு ஆண்டுகளுக்கு முந்திய செயலுக்காகப் புதிதாக ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது. தைரியம் வந்து எழுதியதல்ல. காலக்கெடு முடிந்தபின் எழுதியது.

முசேவின் மகன் நல்ல மனிதன். காப்பி வரவழைத்துக் கொடுத்தான். என் விளக்கம் கல்லா மேசைக்கு நேர் எதிரே, நல்ல மரச்சட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சட்டத்தில் யாரோ ஒரு வாசகர் கொடுத்த அஞ்சலட்டை. ‘மற்ற இரண்டு காலும் பென்சில் பிடித்திருக்கின்றன.’ அதன் கீழே, ‘நிறுவனரின் கைப்பட’ என்று அட்டை. ஒரு முழ இடைவெளியில் ஒரே கை எழுதிய இரண்டு தாள்கள். ஆயிரம் பேர் அவற்றைப் பார்த்திருப்பார்கள். எழுத்து ஒன்றாக இருக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

நான் இரண்டையும் காட்டினேன். ‘ண்’ எப்படிச் சுழிக்கிறது பாருங்கள் என்றேன். அவன் பார்த்தான். பத்திரத்தையும் பொறுமையாகப் படித்தான்.

“சார், இதுல அந்தம்மா பத்தி ஒரு பாரா இருக்கு. உங்களைப் பத்தி நாலு பாரா இருக்கு.”

எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னான்.

“அப்பா வரையலைன்னே வெச்சுக்குவோம். அது நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பரு. இதுவும் நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பரு. ரெண்டுல எதை நான் மாட்டறது?”

“ரெண்டையும் மாட்டுங்க.”

சிரித்தான். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். மறுவாரம் ஃபோனில் ஒரு படம் அனுப்பினான். முகப்பு அட்டையைத் திருத்தியிருந்தான்: ‘கதை, படம்: நிறுவனர். ஒத்துழைப்பு: அச்சகப் பணியாளர்கள்.’ யாரையும் மறுக்காமல், யாருக்கும் எதுவும் கொடுக்காமல் முடித்து வைக்கும் வாசகம். என்னிடம் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

அதைச் சொல்ல அவருக்கு ஃபோன் செய்தேன். “அட்டைய வுடுங்க சார்” என்றார். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பீச்சுக்கு வந்து எங்க கம்பெனி பொம்பளைங்ககிட்ட வாயால சொல்லுங்க. அது போதும்.”

போனேன். கடற்கரைச் சாலையின் கட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சுண்டல் பொட்டலம். அவர் ஓரத்தில், இரண்டு பேர் உட்காரும் இடம் விட்டு இருந்தார். பத்திரத்தின் நகலை எடுத்து நீட்டினேன். பருத்த உடம்புள்ள ஓர் அம்மாள் அதை வாங்கவில்லை. அன்று சுவரில் இருந்ததைச் சத்தமாகப் படித்தவர் இவர்தான் என்று பின்னால் தெரிந்தது.

“பேப்பரெல்லாம் பாத்துட்டோம் சார். நீ சொல்லு.”

“அந்த லெட்டர் எழுதினது நான். அதுல இருக்கறது பொய். நண்டு வரைஞ்சது இவங்கதான். நான் பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன்.”

“ஏன் பொய் எழுதின?”

நடத்தை விதிகளின்படி என்று ஆரம்பித்தேன். பதினோரு முகங்களும் என்னைப் பார்த்தன. நிறுத்திக்கொண்டேன்.

“வேலை போயிடும்னு பயந்துட்டேம்மா.”

“போயிருக்குமா?”

“போயிருக்காது.”

அந்த அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார். “பாத்தியா? போகாத வேலைக்குப் பயந்துக்கினு ஒருத்தியை இருபத்தாறு வருஷத்துப் புளுகி ஆக்கிட்டான் மனுசன். சீலு வேற.”

“இப்ப சொல்றது மட்டும் நெசம்னு என்னா கேரண்டி?” என்றார் இன்னொருவர். “யேய், நீயே ஒண்ணு வரைஞ்சி காமி. தெரிஞ்சிடும்ல?” பையிலிருந்து பேனாவும் எடுத்தார்.

எனக்கு அது தோன்றவேயில்லை. நோட்டரி, முத்திரைத்தாள், சுழி எல்லாம் தோன்றின. இது தோன்றவில்லை.

அவர் பேனாவை வாங்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “வரைஞ்சி காட்டினாத்தான் நம்புவீங்கன்னா, நம்பவே வேணாம்.”

சுண்டல் பொட்டலம் ஒரு சுற்று வந்தது. எனக்கு வரவில்லை. பிறகு அந்தப் பருத்த அம்மாள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“என்னா வீறாப்பு பாரு. ஏந்திரிடி நண்டு. டெம்போ போயிடும்.”

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து, என் பக்கம் ஒருமுறை தலையசைத்துவிட்டு, அவர்கள் நடுவில் போய்ச் சேர்ந்துகொண்டார். சாலையைக் கடக்கும்போது யாரோ எதற்கோ பலமாகச் சிரித்தார்கள்.

கதையில் நண்டு என்ன பேசியது, யார் பேச வைத்தது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பார்களோ என்று பத்திரத்தைக் கையில் விரித்தபடியே நின்றிருந்தேன். காற்று அதிகமாக இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேறு பக்கம் நடந்தேன்.